சேதுபதிக்காக நின்ற வண்டி

பதினாறு வருஷம் ஷார்ஜாவில் பஸ் ஓட்டியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அதிராம்பட்டினத்தில் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். ஸ்டியரிங் பிடித்தவன் நான் ஒருவன்தான். 'ஹபீப் முகம்மது பஸ் ஓட்டுறானாம்' என்று அவர்கள் இளக்காரமாகப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்காகவே ஓட்டினால் இவனைப் போல ஓட்ட வேண்டும் என்று பெயர் வாங்கினேன்.

அப்படிப்பட்ட என்னைப் போன நவம்பரில் கம்பெனி கூப்பிட்டு ஒரு வண்டியைக் காட்டியது. வெள்ளை நிறம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். எது முகம், எது முதுகு என்று தெரியாது. எட்டு சீட். ஸ்டியரிங் இல்லை, கியர் இல்லை, காலுக்கு ஒரு பெடல்கூட இல்லை. தானாகவே ஓடுமாம், தானாகவே நிற்குமாம். முவைலா பகுதியில் தொழிலாளர் கேம்புகளுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் சுற்றில் இதே மாதிரி நாலு வண்டிகளை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். அந்தப் பகுதி டிரைவர்கள் அறுபது பேரில் நாலு பேரைப் பொறுக்கி எடுத்து 'ஆபரேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். கழுதைக்குப் பெயர் முத்துமாலை. மற்றவர்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆபரேட்டரின் வேலை சும்மா நிற்பது. வண்டியின் முன்பக்கம், இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு, தரை வரைக்கும் இறங்கும் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பட்டன். அழுத்தினால் வண்டி அப்படியே நிற்கும். பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு கைக்கருவி, பிள்ளைகள் டிவியில் விளையாடுவார்களே அது மாதிரி. அதில் ஒரு சின்னக் குச்சி. குச்சியை முன்னால் தள்ளினால் வண்டி முன்னால் போகும். விட்டுவிட்டால் நின்றுவிடும். வண்டிக்கு ஏதாவது ஆகி ஓரங்கட்ட வேண்டி வந்தால் மட்டும் அதைத் தொடலாம். அதுவும் கண்ட்ரோல் ரூமில் கேட்டு, பயணிகளை இறக்கிவிட்ட பிறகு.

பட்டனோ குச்சியோ, எதைத் தொட்டாலும் ஒரு தடவை என்று பதிவாகும். ஆறு மாதத்தில் ஐந்து தடவை பதிவானால் அந்த ஆபரேட்டர் வேண்டாம், விசா ரத்து. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, பயந்தாங்கொள்ளி மனுஷன்தான் குறுக்கே வருகிறான் என்பது கம்பெனிப் பெரியவர்களின் எண்ணம்.

பிப்ரவரி பிறந்தபோது எனக்கு நாலு ஆகியிருந்தது.

என் மகள் நஜீஹா பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசி வரை. அவளும் அவள் உம்மா ருமைஸாவும் என் விசாவில்தான் இங்கே இருக்கிறார்கள். என் விசா போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். பரீட்சை எழுதும் இடம் ஷார்ஜா என்று எப்போதோ பதிவாகிவிட்டது. நடுவில் மாற்ற முடியாது, ஒரு வருஷம் வீண் என்று பள்ளிக்கூடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"வாப்பா, ஜஸ்ட் டோன்ட் டச் எனிதிங்" என்றாள் நஜீஹா, காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. "மார்ச் எண்ட் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். பதினாறு வருஷம் ஓட்டியவனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.

என் நாலில் இரண்டு சேதுபதியால் வந்தது.

சேதுபதிக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். சாரம் கட்டுகிறவன், முப்பத்திரண்டு வயது இருக்கும். சைட்டிலிருந்து கம்பெனி பஸ் அவனைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். கேம்ப் இந்தப் பக்கம். நடுவில் நாலு வழி ரோடு. முறையாகக் கடக்க வேண்டுமென்றால் சிக்னல் வரைக்கும் அரைக் கிலோமீட்டர் நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். பத்து மணி நேரம் வெயிலில் கம்பி தூக்கியவர்கள் யார் அப்படி நடப்பார்கள்? ரோட்டோரம் நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, வருகிற டிரைவரின் கண்ணைப் பார்ப்பார்கள். டிரைவர் கண்ணைத் திருப்பிக்கொண்டால் நிற்க மாட்டான் என்று அர்த்தம். நானும் எத்தனையோ தடவை கண்ணைத் திருப்பியிருக்கிறேன். டயம் பார்த்து ஓட்டுகிறவன் ஒவ்வொரு கைக்கும் நின்றால் வேலை நடக்காது.

வெள்ளை வண்டிக்குத் திருப்பிக்கொள்ளக் கண் இல்லை. யார் கால் வைத்தாலும் நின்றது. முதல் வாரம் கேம்ப் ஆட்கள் நம்பவில்லை. இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். அது போகிற வழியில் எங்கே வேண்டுமானாலும் கடந்தார்கள். அது நின்றால் பின்னால் வருகிற வண்டிகளும் நிற்கத்தானே வேண்டும்.

சேதுபதி அதற்கும் மேலே போனான். தினமும் அந்த நேரத்தில் அவன் மனைவி சரசுவோடு வீடியோவில் பேசிக்கொண்டு வருவான். ஒரு நாள், நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு, போனை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குள் இறங்கினான். நான் பதறிப்போய்ப் பட்டனை அடித்தேன். வண்டி அவனிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

கண்ட்ரோல் ரூமிலிருந்து விஜயபாஸ்கர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், இஞ்சினியர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"ஏனுங்க பாய், எதுக்குங்க அழுத்துனீங்க? வண்டி அந்த ஆளைப் பார்த்து, பிரேக்கும் புடிச்சாச்சுங்க. உங்க கை வர்றதுக்கு ஒரு செகண்டு முன்னாலயே. இது தேவையில்லாத அழுத்தம்னு தானுங்க பதிவாகும்."

அடுத்த வாரம் மறுபடியும் அதே இடம், அதே சேதுபதி, அதே பட்டன். மறுபடியும் வண்டி எனக்கு முன்னால் பிரேக் பிடித்திருந்தது. அன்றைக்கு ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் போக அவன் வண்டியில் ஏறியபோது பிடித்துக்கொண்டேன்.

"உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? சாகுறதுன்னா வேற வண்டியில போயி விழு."

"நான் எதுக்கு பாய் சாகுறேன்? அதுதான் நிக்குதுல்ல" என்று சிரித்தான். "சரசு கிட்டக் காமிச்சேன். ஏழு வருசமா இந்த ஊர்ல இருக்கேன் பாய். எனக்குன்னு ஒரு வண்டி நின்னதில்ல. ஊர்லயும் நின்னதில்ல, பஸ்ஸு கூட ஸ்டாப்பத் தாண்டித்தான் நிறுத்துவான், ஓடிப்போயி ஏறணும். இது நிக்குது. நான் இன்னாருன்னு பாக்காம நிக்குது. சரசு சொல்றா, நீங்க என்ன கலெக்டரான்னு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவன் மனைவிக்கு வேடிக்கை காட்ட என் மகள் படிப்பைப் பணயம் வைக்கிறான். "இனிமே எதிர்ல வந்தே, நானே இறங்கி வந்து அடிப்பேன்" என்றேன்.

"நீங்க ஓட்டுனாத்தான பாய் பயப்படணும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். உள்ளே உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த மெஷின் ஒரு நாளாவது தப்புச் செய்யாதா என்று காத்திருக்க ஆரம்பித்தேன். அல்லா மன்னிக்கட்டும், அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி மத்தியானத்திலிருந்து காற்று. நாலு மணிக்கெல்லாம் எதிரே இருக்கிற கட்டடம் தெரியவில்லை. மணல் கண்ணாடியில் சரசரவென்று அடித்தது. ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கண்ட்ரோல் ரூம் உத்தரவு போடுமென்று பார்த்தேன், போடவில்லை. தூசியில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். வண்டி நடைவேகத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ஏழு பேர். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வருகிற வளைவில் வண்டி நின்றது. திரை கறுத்தது. பிறகு ஒரு வெள்ளைக் கோடு மெதுவாக ஊர ஆரம்பித்தது. ரீஸ்டார்ட். தூசி கண்ணை மறைத்தால் அது இப்படிச் செய்யும். மூன்று நிமிஷம் ஆகும்.

மூன்று நிமிஷம் அந்த இடத்தில் நிற்பதென்றால் என்னவென்று டிரைவருக்குத்தான் தெரியும். வளைவில் திரும்புகிறவனுக்கு எங்கள் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். முதலில் ஒரு பிக்கப் உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. அடுத்து ஒரு தண்ணீர் லாரி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு முழம் இடைவெளியில் தாண்டியது. வண்டியே ஆடியது. உள்ளே ஒருவர் "பாய், ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார். முன் சீட்டில் இருந்த வயதான பட்டாணியர் ஒருவர் தஸ்பீஹ் மணிகளை உருட்ட ஆரம்பித்தார்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும்? கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட வேண்டும். ஏழு பேரையும் அந்தத் தூசியில் நடுரோட்டில் இறக்க வேண்டும். அப்புறம் குச்சியைத் தொட வேண்டும். ஐந்தாவது தடவை என்று பதிவாகும். நஜீஹா கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் எங்கள் நாலு ஆபரேட்டர்களுக்குள் ஒரு ரகசியம் இருந்தது. ரீஸ்டார்ட் ஆகிற மூன்று நிமிஷம் வண்டி எதையும் எழுதிக்கொள்ளாது. கேமராவும் பதியாது. அந்த நேரத்தில் குச்சியால் நகர்த்தினால் கணக்கில் ஏறாது. அஸ்கர் அலி இரண்டு தடவை செய்திருக்கிறான். கேட்காதே, சொல்லாதே, மெதுவாக ஓரங்கட்டு, குச்சியைப் பெட்டிக்குள் போடு. ஸ்டாப் அறுபது மீட்டர் தள்ளித்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து கருவியை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கையில் எடுத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு வண்டி என் கைக்கு வருகிறது. உன்னால் முடியாத இடத்தில் நான் ஓட்டுகிறேன் பார் என்று அந்தக் கறுத்த திரையிடம் மனசுக்குள் சொன்னேன்.

குச்சியைத் தள்ளினேன். வண்டி நகர்ந்தது. ஓரத்து வெள்ளைக் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். பத்து மீட்டர். இருபது. பின்னால் இன்னொரு லாரியின் வெளிச்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். முப்பது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

தூசிக்குள்ளிருந்து முதலில் போனின் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு கை. பிறகு தலையில் துண்டு சுற்றிய சேதுபதி. வெள்ளை வண்டியைப் பார்த்துவிட்டான். போனை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ரோட்டுக்குள் இறங்கினான்.

நான் பிரேக் போட்டேன்.

வலது காலால் போட்டேன். பதினாறு வருஷம் என்னைக் காப்பாற்றிய கால். முழு பலத்தோடு தரையை மிதித்தேன். தரையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் மிதித்தேன். குச்சியை விட்டால் போதும், வண்டி நின்றிருக்கும். சின்னப் பிள்ளைகூட விட்டிருக்கும். ஆனால் கால் அப்படி மிதிக்கும்போது கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும், அது பழக்கம். என் கை குச்சியை இறுக்கிப் பிடித்தது. பிடித்த கை முன்னால் சாய்ந்தது. வண்டி இன்னும் வேகமாகப் போனது.

சேதுபதி கடைசி வரைக்கும் நகரவில்லை. சிரிப்பும் போகவில்லை. வண்டி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முகத்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், அப்போதுதான் அவன் முகம் மாறியது.

ஒரு சத்தம். கதவில் மூட்டை மோதின மாதிரி. கருவி என் கையிலிருந்து தெறித்து விழுந்தது, வண்டி நின்றது.

திரையில் வெளிச்சம் வந்தது. ரீஸ்டார்ட் முடிந்துவிட்டது. வண்டி கண் விழித்து, முன்னால் விழுந்து கிடக்கிறவனைப் பார்த்து, 'முன்னால் ஆள் இருக்கிறார், தயவுசெய்து காத்திருக்கவும்' என்று முதலில் அரபியிலும் பிறகு இங்கிலீஷிலும் பொறுமையாகச் சொன்னது. விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கீழே விழுந்த கருவியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அதற்குப் பிறகுதான் இறங்கி ஓடினேன். அந்த வரிசையை நான் மறக்கவில்லை. முதலில் பெட்டி, பிறகு சேதுபதி.

இடது முழங்காலுக்குக் கீழே கால் கோணலாகக் கிடந்தது. நினைவு இருந்தது. கை நீட்டிப் போனைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டடி தள்ளி அது கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "என்னங்க, என்னங்க" என்று. எடுத்துக் கொடுத்தேன்.

"ஒண்ணுமில்ல சரசு" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வண்டி நின்னுருச்சு. தடுக்கி விழுந்துட்டேன். அப்பறம் கூப்புடுறேன்."

வண்டிக்குள் இருந்த ஏழு பேரும் இறங்கிக் கலைய ஆரம்பித்தார்கள். போலீஸ் வந்தால் பேர் கேட்கும், கார்டு கேட்கும், கேம்ப் வரைக்கும் வரும். யாருக்கு வேண்டும் அந்த வம்பு. பட்டாணியக் கிழவர் மட்டும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டுத் தூசிக்குள் போய்விட்டார்.

ஸ்பீக்கரில் விஜயபாஸ்கர் குரல். "பாய், என்னாச்சுங்க? ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஆளுக்கு உசிரு இருக்குதுங்களா?"

"இருக்கு. காலுதான்."

"எல்லாம் பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க." அவர் குரல் தாழ்ந்தது. "ரெண்டரை நிமிசத்துக்கு இங்க டேட்டாவே இல்லீங்க. நின்னப்ப இருந்த இடத்துக்கும் இப்ப இருக்கற இடத்துக்கும் நாப்பது மீட்டர் வித்தியாசம். நீங்க நகர்த்துனீங்களா, தானா நகர்ந்துச்சுங்களா?"

நகர்த்தினேன் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து நஜீஹா சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிற நோட்டுப் புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. அவை மட்டும்தான் நினைவுக்கு வந்தன என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை. பதினாறு வருஷம், ஒரு கீறல் கிடையாது என்பதும் வந்தது.

"தானா நகர்ந்துச்சு" என்றேன்.

"நிச்சயமாங்க?"

"நான் என்ன கண்ணு தெரியாதவனா? திரை கறுத்துப்போச்சு, தானா கெளம்பிருச்சு. நான் பட்டனுக்குக் கை போடுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

கோபமாகச் சொன்னேன். கோபம் எனக்கு எப்போதும் கை கொடுக்கும். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்தத் தூசியில் மறைந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேதுபதிக்குக் காலில் கட்டு, தொடை வரைக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"வாங்க பாய். உக்காருங்க."

உட்கார்ந்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி கெடக்குது. போலீஸு வந்துச்சு பாய். என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல. அதான், வண்டி நிக்கலைன்னு மட்டும் சொன்னேன். நாளைக்கு மறுபடியும் வருவாங்களாம்."

"தானா நகர்ந்துச்சுன்னு சொன்னேன்" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சரசு ஒண்ணு கேட்டா பாய். போனு உங்க பக்கம் திரும்பியிருந்துச்சுல்ல, அவ எல்லாத்தையும் பாத்திருக்கா. அந்த பாய் எதுக்கு அப்புடித் தரையப் போட்டு மிதிச்சாருன்னு கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

அந்த மிதியை எந்த மெஷினும் பதியவில்லை, எந்தப் போலீஸும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். கடல் தாண்டி முதுகுளத்தூரில் ஒரு பெண் பார்த்திருக்கிறாள்.

நஜீஹா பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். நாலு தடவை பதிவானதைப் பற்றிச் சொன்னேன். விசாவைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று மட்டும் சொல்லவில்லை; ஏனோ வரவில்லை.

"எழுதட்டும் பாய்" என்றான் சேதுபதி. "புள்ள பரிச்ச எழுதட்டும். நாளைக்கு வந்தா நானும் தானா வந்துச்சுன்னே சொல்லிடுறேன்."

நான் எழுந்தேன். கதவு வரைக்கும் போனபோது கூப்பிட்டான்.

"பாய், அப்ப அந்த வண்டி இனிமே வராதா?"

"வராது. நிறுத்திட்டாங்க."

"அது மேல ஒரு தப்பும் இல்லியே பாய்" என்றான். யாரோ தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டான்.

நாலு வெள்ளை வண்டிகளையும் லாரியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். தூசியில் தானாக நகர்கிற வண்டியை யார் ரோட்டில் விடுவார்கள்? விஜயபாஸ்கர் மூன்று வாரம் அந்தக் கோளாறைத் தேடினார். இல்லாத கோளாறு எப்படிக் கிடைக்கும்? ஒரு நாள் எனக்குப் போன் செய்து, "எங்க தேடியும் கெடைக்கலீங்க பாய், தூக்கமே வர்றதில்லை" என்றார். பிறகு அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சேதுபதிக்குக் கம்பெனி மன்னிப்புக் கடிதமும் ஒரு பழக்கூடையும் அனுப்பியது. எனக்குப் பழைய பஸ் திரும்பக் கிடைத்தது. அதே ரூட். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே இடித்துவிட்டார்கள்.

நஜீஹா எல்லாப் பரீட்சையும் எழுதினாள். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று வீட்டில் ருமைஸா பிரியாணி ஆக்கினாள். "தேங்க் காட் அந்த மெஷின் ஃபெயில் ஆச்சு வாப்பா" என்றாள் நஜீஹா, சாப்பிட்டுக்கொண்டே. "இல்லைன்னா நாம இப்ப ஊர்ல இருந்திருப்போம்." தட்டில் பாதிச் சோற்றை விட்டு எழுந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு அந்த இடத்துக்கு வந்தேன். பளிச்சென்ற வெயில். ரோட்டோரத்தில் சேதுபதி நின்றுகொண்டிருந்தான். காலில் கட்டு இல்லை, கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். சாரம் ஏற முடியாததால் சைட் ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போன் கையில் இருந்தது, பேசவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். எனக்கு முன்னால் போன நாலு வண்டிகளும் நிற்கவில்லை.

நான் பிரேக் போட்டேன். இந்த வண்டியில் பெடல் இருக்கிறது. கால் அதைக் கண்டுபிடித்தது. பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை நடுரோட்டில் அப்படியே நிறுத்தினேன். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. உள்ளே யாரோ "யல்லா, யல்லா" என்று விரட்டினார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன், கடந்து போ என்று.

அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கோபமெல்லாம் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தான். ஆனால் தூக்கியிருந்த கையை இறக்கிவிட்டான். முதலில் என் பஸ்ஸின் முன் சக்கரத்தைப் பார்த்தான், பிறகு ஸ்டியரிங்கில் இருந்த என் கையைப் பார்த்தான்.

ஜன்னலைத் திறந்தேன். "வா தம்பி. நிக்கிறேன்ல" என்றேன்.

"இல்ல பாய், நீங்க போங்க" என்றான்.

"நகர மாட்டேன். வா."

"நீங்க போங்க பாய்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்து வைத்து ஒரு அடி பின்னால் போய் நடைபாதை மேல் ஏறி நின்றுகொண்டான்.

எவ்வளவு நேரம்தான் நடுரோட்டில் நிற்பது? பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். போகும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். என் பஸ் முழுசாகத் தாண்டி, ரோடு காலியான பிறகுதான் சேதுபதி ரோட்டில் கால் வைத்தான்.